உங்களுக்குத் தெரியுமா? ஐந்தே நாள் ஆயுள் கொண்ட இருப்பு

ரத்த வங்கியில் சீக்கிரம் காலாவதியாவது தட்டணுதான். ஃபிரிட்ஜில் வைத்த சிவப்பணு 42 நாள் வரை தாங்கும். உறையவைத்த பிளாஸ்மா ஒரு வருடம் இருக்கும். தட்டணுவுக்கோ பொதுவாக 5 நாள். ஃபிரிட்ஜும் ஆகாது. 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் சூட்டில், இரவும் பகலும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும் தட்டில் பைகளை அடுக்கியிருப்பார்கள்.

அந்த 5 நாளும் முழுசாகக் கிடைக்காது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா பரிசோதனைகள் முடிந்தால்தான் பை வெளியே போகும்.

ஞாயிறன்று பெரிய முகாம் நடத்தினால் அன்று எடுத்த தட்டணு அத்தனைக்கும் ஒரே நாளில் கெடு முடியும். அடுத்த ஞாயிறு கையில் ஒன்றும் இருக்காது.

எவ்வளவு இருப்பு வைப்பது என்று முடிவு செய்ய 'பேப்பர்காரர் கணக்கு' என்று ஒன்று உண்டு. 3 ரூபாய்க்கு வாங்கி 5 ரூபாய்க்கு விற்கும் பேப்பர் மிஞ்சினால் நஷ்டம் 3 ரூபாய்; பற்றாமல் போனால் இழப்பு 2 ரூபாய். ஆகவே பத்தில் நாலு நாள் மட்டும் போதும்படி வாங்குவதே லாபம். மற்ற ஆறு நாள் தீர்ந்துபோனால் போகட்டும். பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1888-லேயே வங்கிகளின் ரொக்க இருப்புக்கு இப்படித்தான் யோசித்தார். தட்டணுவில் இது அப்படியே தலைகீழ். பற்றாமல் போனால் போவது உயிர். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்க வேண்டும். சில பைகள் வீணாவதை அலட்சியம் என்று பழிப்பது நியாயமில்லை.

தேவை எகிறுவது மழைக்காலத்தில். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வரும். தீபாவளி விடுமுறையும் அதே சமயம்தான். கல்லூரிகள் மூடினால் கொடையாளர்களும் குறைவார்கள். டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தட்டணு ஏற்றத் தேவையே இல்லை. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போனால்தான் அந்தப் பேச்சு. 60,000 என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பதறி ஓடும் குடும்பங்கள், அன்றைக்கு உண்மையிலேயே தேவைப்படுபவரின் பையைக் கேட்டு நிற்கின்றன.

இருப்பை ஏற்றுவதைவிட நல்ல வழி, கூப்பிட்டால் வரும் கொடையாளர் பட்டியல். இயந்திரத்தின் மூலம் தட்டணுவை மட்டும் பிரித்தெடுத்தால் ஒருவரிடமிருந்தே சுமார் ஆறு பைக்கு ஈடானது கிடைக்கும். மிச்ச ரத்தம் அவர் உடம்புக்கே திரும்பிவிடும். முழு ரத்தம் கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருக்க வேண்டும். தட்டணு மட்டும் கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு, வருடத்துக்கு 24 தடவை என்பது வரம்பு. மழை தொடங்கும் முன்பே பக்கத்து ரத்த வங்கியில் உங்கள் ரத்த வகையையும் போன் நம்பரையும் எழுதி வைத்துவிடுங்கள்.