உங்களுக்குத் தெரியுமா? பாதிப் பெயருக்கும் பிரிண்டர் பதில் சொல்லும்!

அலுவலகக் கணினியில் 'பிரிண்டர்' என்று மட்டும் தட்டினாலே சரியான இயந்திரம் கிடைத்துவிடுகிறதே, எப்படி? பெயரில் விடுபட்ட வாலை ஒட்டித் தேடுவது 'சர்ச் டொமைன்' என்ற அமைப்பு. லினக்ஸில் இது 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் 'சர்ச்' என்று தொடங்கும் ஒரே வரிதான். கணினி கணினியாகப் போய் எழுதவும் வேண்டாம். நெட்வொர்க் முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி சர்வரே 119ஆம் எண் ஆப்ஷன் வழியே அனுப்பிவிடும். லினக்ஸில் முன்பு 6 டொமைன்களுக்கு மேல் எடுபடாது. 2017இல் லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியின் 2.26 பதிப்பு வந்தபோதுதான் அந்த வரம்பு நீங்கியது.

எந்த வாலை வைப்பது என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. விண்டோஸ் 2000 சர்வர் காலத்தில் 'கார்ப்' என்ற பெயர் மாதிரியாகத் தரப்பட்டது. பல நிறுவனங்கள் அதையே வைத்துக்கொண்டன. லேப்டாப்கள் வெளி நெட்வொர்க்குக்குப் போனதும், வேறொருவருக்குச் சொந்தமான 'கார்ப்.காம்' முகவரியைத் தேட ஆரம்பித்தன. கடைசியில் 2020இல் மைக்ரோசாஃப்டே அதை விலைக்கு வாங்கியது.

உங்கள் பெயரில் பதிவான டொமைனின் கிளைப்பெயரை வைப்பதே நல்லது. அது இல்லையா, வீட்டுக்கு 'ஹோம்.ஆர்ப்பா', அலுவலகத்துக்கு 2024இல் ஒதுக்கப்பட்ட '.இன்டர்னல்'. '.லோக்கல்' மட்டும் வேண்டாம். அது தனி சர்வர் இல்லாமலே பெயர் தேடும் மல்ட்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு உரியது.