பிளஸ் 1-ல் செவிலியம்: குரூப் எடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘அடுத்து என்ன குரூப்?’ திரேஸ்புரத்தில் கடலுக்குப் போகும் குடும்பமோ, முத்தையாபுரத்தில் உப்பளத்தை நம்பியிருக்கும் குடும்பமோ, பிள்ளை சீக்கிரம் ஒரு வேலையில் உட்காரணும் என்றுதான் நினைக்கும். ‘பள்ளியிலேயே நர்சிங் படிக்கலாமாமே’ என்று யாராவது சொன்னால் மனசு அந்தப் பக்கம் சாயும். நல்ல வழிதான். ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்த்துவிட்டு எடுங்க.

பள்ளியில் என்ன கற்றுத் தருவாங்க?

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ல் தொடங்கியது. அதில் உள்ள தொழிற்கல்விப் பாடங்களில் செவிலியமும் ஒன்று. கருத்தியல், செய்முறை என இரண்டாகப் படிக்கணும். உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் பார்ப்பது, நோயாளிக்குப் படுக்கை தயார் செய்வது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, முதலுதவி எல்லாம் இதில் வரும். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதோடு, கையைப் பிடித்து எண்ணியும் பழகுவீங்க.

உதவியாளர் வேறு, செவிலியர் வேறு

நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, நடக்க உதவுவது, உடல்நிலையில் மாற்றம் தெரிந்தால் உடனே செவிலியரிடம் சொல்வது, இவை உதவியாளரின் வேலை. ஊசி போடுவதும் மருந்து செலுத்துவதும் செவிலியரின் பொறுப்பு. செவிலியராகப் பணிபுரிய, அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யணும். பிளஸ் 2 சான்றிதழை மட்டும் வைத்து அந்தப் பதிவு கிடைக்காது.

அடுத்து எங்கே போகலாம்?

• ஏ.என்.எம். (துணை செவிலியர்): 2 ஆண்டு.
• ஜி.என்.எம். (செவிலியர் பட்டயம்): 3 ஆண்டு.
• பி.எஸ்சி. நர்சிங்: 4 ஆண்டு. பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்கணும்.

கவனிக்க வேண்டியது கடைசி வரிதான். தொழிற்கல்விப் பிரிவில் அந்த மூன்று பாடமும் சேர்ந்து வராது. அதனால் பட்டப்படிப்புதான் ஆசை என்றால் அறிவியல் குரூப் எடுங்க. முதல் இரண்டில் சேர நினைப்பவர்களுக்குச் செவிலியப் பிரிவு நல்ல அடித்தளம். எதில் சேர்ந்தாலும், விண்ணப்பிக்கும் ஆண்டின் அரசு சேர்க்கைக் கையேட்டில் தகுதி விதிகளை ஒருமுறை பார்த்துடுங்க.

போஸ்டரைப் பார்த்து ஏமாறாதீங்க

‘ஆறே மாதத்தில் நர்ஸ்’ என்று விளம்பரம் கண்ணில் படலாம். ஆறு மாதப் பயிற்சியால் யாரும் பதிவு பெற்ற செவிலியர் ஆக முடியாது. பணம் கட்டும் முன், அந்த நிறுவனத்தின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளப் பட்டியலில் இருக்கான்னு செல்போனிலேயே பாருங்க. உதவியாளர் பயிற்சி மட்டும் போதும் என்றால், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தில் விசாரிங்க.

படிப்புச் செலவுக்குக் கைகொடுக்க

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்கள் உயர்கல்வியில் சேர்ந்தால், மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கும். பட்டயப் படிப்புக்கும் இது உண்டு.

சேரும் முன் மூன்று கேள்வி

1. செவிலியப் பிரிவு எல்லாப் பள்ளியிலும் கிடையாது. பக்கத்தில் எந்தப் பள்ளியில் இருக்கு?
2. செய்முறைப் பயிற்சி எங்கே, எப்படி நடக்குது?
3. போன ஆண்டு முடித்தவர்கள் இப்போ என்ன படிக்கிறாங்க?

முதல் கேள்விக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணை அழைங்க. மற்ற இரண்டையும் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேளுங்க. பதில் தெரிந்த பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.