சீசனில் படுத்துவிடும் இணையதளம்! கூகுள் வரிசையில் பின்தங்குவது ஏன்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் ஜனக்கூட்டம்தான். ஆகஸ்டு வரை இந்தக் கோலாகலம்!

இந்த மூன்று மாத வருமானத்தை நம்பி ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துகிறவர்கள் பலர். விடுதிக்காரர்கள், வேன் ஓட்டுகிறவர்கள், ஓட்டல் வைத்திருப்பவர்கள் என்று தென்காசி, செங்கோட்டை, பண்பொழி, வடகரை வட்டாரம் எங்கும் இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் வெளியூர்க்காரர்கள் பஸ்சை விட்டு இறங்கி, "அறை காலி இருக்கிறதா?" என்று தெருத்தெருவாகக் கேட்பார்கள். இப்போது வீட்டில் இருந்தபடியே செல்போனில் தேடுகிறார்கள். "குற்றாலம் விடுதி" என்று கூகுளில் எழுதினால் ஒரு பட்டியல் வருகிறது. அதில் முன்னால் நிற்பவருக்குத்தான் வாடிக்கை.

அந்த வரிசையில் முன்னால் இருந்த ஒருவர், சீசன் நேரம் பார்த்துப் பின்னால் போய்விட்டால்? பிழைப்பே போய்விடும்!

அப்படிப் போவதற்கு ஒரு காரணம் உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை.

ஒரு வீடு, பல குடித்தனம்

இணையதளம் என்பது காற்றில் மிதப்பது அல்ல. எங்கோ ஒரு கட்டிடத்தில், இரவு பகல் ஓயாமல் ஓடும் கம்ப்யூட்டரில் அது இருக்கிறது. அதற்கு 'சர்வர்' என்று பெயர். அதில் இடம் பிடித்து வாடகைக்கு விடும் கம்பெனிகள் உண்டு. இந்தத் தொழிலுக்கு 'ஹோஸ்டிங்' என்று பெயர்.

வாடகை குறைவாக இருக்கவேண்டும் என்றால் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான இணையதளங்களைக் குடிவைப்பார்கள். ஒரே வீட்டில் பல குடித்தனம் இருப்பது போல! கிணறு ஒன்று, குடம் பல. ஒருவரே எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு வைத்துவிடுகிறார்கள். இவ்வளவுதான் நினைவகம், ஒரே நேரத்தில் இத்தனை வேலைதான் என்று கணக்கு.

"அளவே இல்லை" என்று விளம்பரம் செய்வார்கள். அது பெரும்பாலும் படங்களையும் எழுத்துக்களையும் வைக்கும் இடத்துக்குத்தான். வேலை செய்யும் சக்திக்கு அளவு உண்டு!

எளிய கணக்கு

வடகரையில் ஒரு சிறு விடுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இணையதளத்துக்கு ஒரே நேரத்தில் 20 வேலை என்று வரம்பு.

ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரை வினாடி ஆனால், ஒரு வினாடிக்கு 40 பக்கங்களைக் கொடுக்கலாம். அதுவே 4 வினாடி ஆனால்? 5 பக்கங்கள்தான்!

அருவியில் குளிப்பவர் சீக்கிரம் நகர்ந்தால் நிறையப் பேர் குளிக்கலாம். ஒருவரே நெடுநேரம் நின்றுகொண்டால் வரிசை நீளும் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

மழைக்காலம் முடிந்து கூட்டம் இல்லாதபோது எந்தக் குறையும் தெரியாது. சாரல் தொடங்கியதும் ஆயிரம் பேர் ஒன்றாக வந்து தட்டுகிறார்கள். வரம்பு முட்டுகிறது. '503', '508' என்ற எண்கள் திரையில் தோன்றுகின்றன. கதவு அடைபட்டுவிட்டது என்று அர்த்தம்!

கூகுளின் தூதன்

வந்து தட்டுகிறவர்களில் மனிதர் அல்லாத ஒருவனும் உண்டு. அவன் பெயர் 'கூகுள்பாட்'. இணையதளம் இணையதளமாகப் போய், பக்கங்களைப் படித்து, கூகுளின் ஏட்டில் பதிவு செய்யும் எந்திரத் தூதன் அவன்.

கதவு அடைத்திருந்தால் அவன் கோபித்துக்கொள்வதில்லை. "பாவம், சர்வருக்குச் சுமை அதிகம் போலிருக்கிறது" என்று நினைத்தவன் போல, வருகையைக் குறைத்துக்கொள்கிறான். புதிய வாடகை, புதிய அறிவிப்பு எதுவும் கூகுளுக்கு உடனே எட்டுவதில்லை.

ஒருநாள் தடங்கலை அவன் பொறுத்துக்கொள்வான். தொடர்ந்து பல நாள் இதே நிலை என்றால், அந்தப் பக்கமே ஏட்டில் இருந்து நீக்கப்படலாம். அப்புறம் யார் தேடினாலும் அது அகப்படாது! சர்வர் சரியான பிறகும் பழைய நிலைக்குத் திரும்ப நாள் பிடிக்கும்.

வேகத்துக்கும் மார்க்கு

கதவு திறந்தே இருந்தாலும், பக்கம் ஆமை வேகத்தில் வந்தால் அதுவும் ஒரு குறைதான். வரிசையை முடிவு செய்வதில் வேகத்தையும் கணக்கில் எடுப்பதாக 2010-ல் கூகுள் அறிவித்தது. 2018 ஜூலை முதல் செல்போன் தேடலுக்கும் இதைக் கொண்டுவந்தது.

ஆனால் வேகம் ஒன்றே எல்லாம் அல்ல. தேடுகிறவர் கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வேகத்தால் அடிபடுவது மிகவும் மந்தமான பக்கங்கள்தான்.

என்ன செய்யலாம்?

பிளஸ்-2 தேர்வு முடிவு வரும் நாளில் என்ன செய்கிறார்கள்? எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாதபடி, பல இணையதளங்களில் முடிவை வெளியிடுகிறார்கள். கூட்டம் வரும் என்று தெரிந்து முன்கூட்டியே ஏற்பாடு! சிறிய கடைக்காரரும் தம் சக்திக்கு ஏற்ப அப்படிச் செய்யலாம்.

* பணம் கட்டுவதற்கு முன்பே, "ஒரே நேரத்தில் எத்தனை வேலை? நினைவகம் எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

* அருவிப் படங்களை அப்படியே ஏற்றாமல் சுருக்கிப் போடவேண்டும்.

* ஒவ்வொருவருக்கும் புதிதாக உலை வைக்காமல், சமைத்ததை எடுத்துப் பரிமாறுவது போல, தயாரித்த பக்கத்தைச் சேமித்துவைத்துக் கொடுக்கும் வசதி உண்டு. அதற்கு 'கேஷ்' என்று பெயர். அதைப் பயன்படுத்தினால் சுமை வெகுவாகக் குறையும்.

* கூகுள் இலவசமாகத் தரும் 'சர்ச் கன்சோல்' என்ற வசதியில், தூதன் எத்தனை முறை வந்தான், எப்போது கதவு அடைத்திருந்தது என்ற விவரம் கிடைக்கும். வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

* இவ்வளவுக்கும் பிறகு வரம்பு முட்டினால், பெரிய இடத்துக்கு மாறிவிட வேண்டியதுதான். அதை மே மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். விருந்தாளி வாசலில் நிற்கும்போது வீடு மாற்றலாமா?

மலையில் மேகம் திரண்டதும் விடுதிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். பாய், தலையணை வாங்கிப் போடுகிறோம். செல்போனில் இருக்கும் வாசலையும் அதேபோலப் பார்த்து வைக்கவேண்டும். இப்போது விருந்தாளி முதலில் மிதிப்பது அந்த வாசலைத்தான்!