ஷாம்பெய்ன், பன்னீர் திராட்சை, நடுவில் கிண்டி

ஷாம்பெய்ன் என்ற பெயரும் கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரும் இந்தியாவில் ஒரே ஆபீசில்தான் பதிவாகியிருக்கின்றன. எங்க ராயப்பேட்டையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகம் அது. கம்பத்துக்கு 2023ல் கிடைத்தது. சான்றிதழ் ஒரே மாதிரிதான். ஆனா ரெண்டு ஊர் விவசாயிக்கும் கிடைக்கிற பலன் ஒண்ணா இல்ல. ஏன் என்று படித்துப் பார்த்ததில் எடுத்த குறிப்புகள் இவை.

ஷாம்பெய்ன் என்பது பாரிஸுக்குக் கிழக்கே உள்ள சுண்ணாம்பு பூமி. சுமார் 34,000 ஹெக்டேர் தோட்டம், 16,000 விவசாயிகள். பலர் திராட்சையைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்றுவிடுவார்கள். சில குடும்பங்கள் மட்டும் தாங்களே ஒயின் செய்து, குடும்பப் பெயரிலேயே விற்பார்கள். லேபிளில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.' என்று இருந்தால் அது அப்படிப்பட்ட வீட்டுச் சரக்கு.

வேலை இப்படிப் போகும். குலைகளைக் கையால்தான் அறுக்க வேண்டும், மெஷின் கூடாது. அங்கே விளைவதில் பெரும்பகுதி கருந்திராட்சை. தோல் கிழிந்தால் சாறு நிறம் ஏறிவிடும். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது. முதலில் அது சாதாரண ஒயினாகப் புளிக்கும். அதோடு முந்தைய வருஷங்களின் ஒயினையும் கலப்பார்கள். எந்த அளவில் கலப்பது என்பதுதான் ஒவ்வொரு வீட்டின் கைப்பக்குவம். பிறகு லிட்டருக்கு சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலில் அடைத்தால், உள்ளேயே மறுபடி புளிக்கும். வெளியே போக வழியில்லாத வாயுதான் அந்த நுரை. கார் டயரில் இருப்பதைப் போல மூன்று மடங்கு அழுத்தம்!

செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாக நிற்கும். பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து வெளியே தள்ளுவார்கள். இந்த முறையை 1810களில் உருவாக்கிய பெருமை, 27 வயதில் கணவரை இழந்து வியாபாரத்தை எடுத்து நடத்திய மேடம் கிளிக்கோவின் நிறுவனத்துக்குப் போகிறது.

இதில் முக்கியமானது காலம். பாட்டிலில் அடைத்தபின் குறைந்தது 15 மாதம் கழித்துத்தான் விற்கலாம். ஒரே வருஷ அறுவடை என்று லேபிளில் போட்டால் 3 வருஷம். அதுவரை குடும்பம் சாப்பிடணுமே? அதனால்தான் பலர் அறுவடையன்றே பழமாக விற்றுவிடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தின் ஆலையையும் நிலவறையையும் பயன்படுத்துகிறவர்களும் நிறையப் பேர்.

பெயரும் சும்மா கிடைக்கவில்லை. 1910ல் விளைச்சல் படுத்துவிட்டது. வியாபாரிகள் வெளியூர்ப் பழத்தில் செய்ததை ஷாம்பெய்ன் என்று விற்றார்கள். 1911ல் விவசாயிகள் நிலவறைகளை உடைத்து ஒயினைத் தெருவில் கொட்டினார்கள், பட்டாளம் வந்தது. 1927ல்தான் எல்லைச் சண்டை சட்டப்படி தீர்ந்தது.

இப்போ கம்பம். பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832ல் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அங்கே வருஷம் முழுக்கத் திராட்சை கிடைக்கும், அது வரம். தோல் மெல்லிசு, சீக்கிரம் கெட்டுப்போகும், அது சாபம். அறுத்த பழத்தை வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருக்க முடியாது. லாரி ஏறியாக வேண்டும், வியாபாரி சொன்னதுதான் விலை. ஜாம் பஜாரில் கூடையில் வந்து இறங்கும்போது அது வெறும் 'கருப்பு திராட்சை' ஆகிவிடுகிறது.

ஷாம்பெய்ன் விவசாயிக்குப் பெயரும் இருக்கிறது, பழத்தைக் கெடாத பொருளாக மாற்றி நிறுத்திவைக்க ஒரு நிலவறையும் இருக்கிறது. கம்பத்துக்குக் கிண்டி கொடுத்தது முதலாவது மட்டும். ரெண்டாவது ஒயினாகத்தான் இருக்கணும் என்றில்லை. ஜூஸ் ஆலையோ குளிர்பதனக் கிடங்கோ போதும், அது விவசாயிகள் சேர்ந்து நடத்துவதாக இருந்தால். காத்திருக்க வசதி இருக்கிறவன்தான் விலை சொல்ல முடியும்.