பிள்ளை மேல் வழக்கா? பதறாதீங்க, சான்றுகளை எடுத்து வையுங்க



"பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று சேதி வந்தால் வீட்டில் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, அசிங்கம் என்று மூடி மறைப்பது. இன்னொன்று, "நான் பார்த்துக்கிறேன்" என்று வருகிறவர் கையில் குழுக் கடன் பணத்தைக் கொடுப்பது. இரண்டாலும் பிள்ளைக்கு நன்மை இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

பிள்ளைகள் ஏன் தவறுகிறார்கள்?

பள்ளியிலிருந்து நின்றது, வீட்டில் குடி, சண்டை, கூடாத சேர்க்கை, கையில் காசு பார்க்கும் ஆசை எனப் பல காரணம். சில இடங்களில் பெரியவர்களே பிள்ளைகளை வைத்துக் கஞ்சா விற்கிறார்கள். அப்படிச் செய்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதனால் "உன்னை யார் அனுப்பினது?" என்று பிள்ளையிடம் பொறுமையாகக் கேளுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது இளைஞர் நீதிச் சட்டம் 2015. சம்பவம் நடந்த அன்று 18 வயது முடியாதவர் எல்லோரும் இதில் வருவார்கள்.

பிள்ளையை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. கைவிலங்கு கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பார்.

ஜாமீன் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்கும். ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து, நீதி கெடும் என்று கருதினால் மட்டும் மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். அப்போது கூர்நோக்கு இல்லத்தில் வைப்பார்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

1. வயதுச் சான்று: பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் நகராட்சி, பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. சட்டத்தின் இந்தப் பட்டியலில் ஆதார் இல்லை.
2. ரேஷன் கார்டு, பெற்றோர் அடையாள அட்டை.
3. படிப்பு, மருத்துவச் சீட்டுகள்.
4. உறுதிமொழிப் பத்திரம்: பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன், கூப்பிட்ட தேதிக்கு அழைத்து வருவேன் என்று நீங்கள் கையெழுத்திடுவது. படிக்கத் தெரியாவிட்டால் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கைநாட்டு வையுங்க. வெற்றுத்தாளில் வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அடுத்த வாய்தா தேதியைக் குறித்து வையுங்க.

வீட்டுக்கு வரும் நன்னடத்தை அலுவலர் குடும்ப நிலை, படிப்பு பற்றி விசாரித்துக் குழுமத்துக்கு அறிக்கை தருவார். குடும்பக் கஷ்டத்தை மறைக்காமல் சொல்லுங்க. அந்த அறிக்கையை வைத்துத்தான் எச்சரித்து அனுப்புவதா, ஆலோசனை கொடுப்பதா, சமூக சேவை செய்யச் சொல்வதா, சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவதா என்று யோசிப்பார்கள். சிறப்பு இல்லம் என்றால் அதிகபட்சம் 3 ஆண்டு. கொடுங்குற்றத்தில் 16 வயது முடிந்தவர்களுக்கு மட்டும் நடைமுறை வேறு. அதற்கு வக்கீல் கட்டாயம் தேவை.

வக்கீலுக்குப் பணம்?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், போன் 15100. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இதற்காகத் தோட்டை அடகு வைக்க வேண்டாம்.

வழக்கு முடிந்த பிறகு, பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவர் தவிர மற்றப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டி வேலையோ படிப்போ மறுக்கக் கூடாது. பெயரையும் படத்தையும் வெளியிடுவது குற்றம். நம் குழுவுக்கும் இது பொருந்தும். ஒரு சகோதரியின் பிள்ளைக்கு வழக்கு என்றால் அதைத் தண்ணீர்க் குழாயடியில் பேசாமல், வாய்தா அன்று ஒருவர் கூடப் போய் நில்லுங்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். அவரவர் பிள்ளைகளின் பிறப்புச் சான்று வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்கள் பட்டியலை எங்களிடம் கொடுங்கள், சேர்ந்து வாங்குவோம்.