கரித்தூளை அடக்கிய கல்தூள்

நிலக்கரிக் கட்டி ஒன்றை எடுத்துத் தீக்குச்சியால் கொளுத்தினால் அது எளிதில் பற்றிக்கொள்ளாது. விறகுச் சிராய் வைத்து, ஊதி, பொறுமையோடு காத்திருந்தால்தான் கனன்று எரியத் தொடங்கும். அதே கட்டியை மாவாக இடித்துக் காற்றில் தூவிவிட்டு நெருப்பைக் காட்டினால் என்ன நடக்கும்? கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்துவிடும். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த உண்மையைச் சுரங்க முதலாளிகள் ஏற்றுக்கொள்வதற்குள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மாண்டு போயினர். அதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துக் காட்டியவற்றுள் ஒன்று, அமெரிக்க அரசாங்கம் நிறுவிய ஓர் ஆய்வு நிலையமாகும்.

மலேசியாவில் சுரங்கம் என்றதும் ஈயமும், அதைத் தோண்டிய இடத்தில் தேங்கி நிற்கும் குட்டைகளும்தாம் நினைவுக்கு வரும். சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டப்பட்டதை அறிந்தவர்கள் இன்று குறைவு. நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் முற்றிலும் வேறோர் உலகம். கரிப் பாறைக்குள் அடைபட்டிருக்கும் மீத்தேன் வாயு, பாறையை வெட்டும்போது கசிந்து வெளியேறும். காற்றில் அதன் அளவு 5 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். இது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்திதான். அதனால்தான் “வாயு இல்லாத சுரங்கம் ஆபத்தில்லாத சுரங்கம்” என்று பலரும் நம்பினர். கரித்தூள் தும்மலை வரவழைக்கும், உடையைக் கறுப்பாக்கும், அதற்கு மேல் அது என்ன செய்துவிடும் என்பதே அவர்களுடைய எண்ணம்.

உண்மையில் நடப்பது இதுதான். சுரங்கத்தின் ஒரு மூலையில் சிறிதளவு மீத்தேன் தீப்பிடிக்கிறது. அதோடு நின்றிருந்தால் அருகில் உள்ள ஓரிருவருக்குத் தீக்காயம் ஏற்படலாம். ஆனால் அந்த வெடிப்பில் எழும் காற்றலை, தரையிலும் சுவரிலும் கூரையிலும் படிந்துள்ள கரித்தூளைக் கிளப்பிவிடுகிறது. காற்றலைக்குப் பின்னால் வரும் தீ அந்தத் தூளைப் பற்றிக்கொள்கிறது. தூள் எரிந்து மேலும் காற்றலையை உண்டாக்க, அது அடுத்த பகுதித் தூளைக் கிளப்புகிறது. இப்படித் தனக்குத் தானே தீனி போட்டுக்கொண்டு, கிலோமீட்டர் கணக்கில் சுரங்கப் பாதை நெடுகிலும் தீ ஓடுகிறது. தீ எட்டாத இடத்தில் இருப்பவர்களையும் அதன்பின் பரவும் கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகை கொன்றுவிடுகிறது.

பிரான்சில் கூரியேர் சுரங்கத்தில் 1906ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிகழ்ந்த வெடிவிபத்தில் 1,099 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தில் மொனோங்கா சுரங்கம் வெடித்தது. அதிகாரபூர்வக் கணக்கின்படி 362 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இத்தாலி, போலந்து போன்ற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். இரு வாரத்துக்குள் பென்சில்வேனியாவின் டார் சுரங்கத்தில் மேலும் 239 பேர் மாண்டனர். அந்த 1907ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 3,242 பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது.

மக்களின் கொந்தளிப்புக்குப் பிறகே, 1910ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் சுரங்கப் பணியகம் என்னும் புதிய துறையை அமைத்தது. ஜோசப் ஹோம்ஸ் அதன் முதல் இயக்குநர். பிட்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே புரூஸ்டன் என்னும் இடத்தில் உண்மையான நிலக்கரிப் படுகையிலேயே ஒரு சோதனைச் சுரங்கம் தோண்டப்பட்டது. விற்பதற்குக் கரி எடுக்க அன்று, வேண்டுமென்றே வெடிக்க வைப்பதற்காகத் தோண்டப்பட்ட சுரங்கம் அது! தலைமைச் சுரங்கப் பொறியாளர் ஜார்ஜ் ரைஸ் இந்தச் சோதனைகளை முன்னின்று நடத்தினார். பாதையின் இரு பக்கமும் பலகைகள் அடித்து அவற்றின்மேல் கரித்தூளைப் பரப்பினர். மீத்தேன் துளியும் கலக்காமல், வெடிமருந்து அடைத்த குழாய் ஒன்றை உள்ளே வெடிக்கச் செய்தனர்.

1911 அக்டோபர் இறுதியில் சுரங்க முதலாளிகளும் தொழிலாளர்களும் அடங்கிய பெருங்கூட்டத்தை அழைத்துவந்து, அவர்கள் கண்ணெதிரே இந்தச் சோதனை செய்து காட்டப்பட்டது. சுரங்க வாயிலின் வழியே தீயும் புகையும் பீறிட்டு வந்தன. தூள் தனியாக வெடிக்குமா என்று அதுவரை வாதாடியவர்களுக்கு அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

நோய் தெரிந்துவிட்டது, மருந்து எது? அதுவும் ஒரு தூள்தான் என்பது வியப்புக்குரியது. சுண்ணாம்புக் கல்லை நம் வீட்டுக் கோலமாவு போல் அரைத்துச் சுரங்கத்தின் தரை, சுவர், கூரை எங்கும் தூவிவிட வேண்டும். காற்றலை கிளம்பும்போது கரித்தூளோடு கல்தூளும் சேர்ந்து எழும். கல்தூள் எரியாது. மாறாக, அது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு, ஒரு கரித்துகளுக்கும் மறு கரித்துகளுக்கும் இடையே திரைபோல் நின்று தீயை அணைத்துவிடும். இந்த யோசனைக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் வில்லியம் கார்ஃபோர்த். 1886இல் ஆல்டஃப்ட்ஸ் சுரங்கம் வெடித்தபோது, கல்தூள் படிந்திருந்த பாதைகளில் தீ தானாக அடங்கிப் போனதை அவர் கவனித்தார். எவ்வளவு கரித்தூளுக்கு எவ்வளவு கல்தூள் வேண்டும் என்ற கணக்கு புரூஸ்டனில் ஆண்டுக்கணக்கில் நடந்த சோதனைகளால் துல்லியமானது.

கணக்கு கையில் இருந்தும் சாவு ஓயவில்லை. ஏனெனில் சுரங்கப் பணியகத்துக்கு ஆராயவும் அறிவுரை கூறவும் மட்டுமே உரிமை இருந்தது. ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, “இங்கே கல்தூள் எங்கே?” என்று கேட்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் கொடுக்கவில்லை. 1924ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்தின் காசல் கேட் சுரங்கத்தில் 172 பேரும், மேற்கு வெர்ஜீனியாவின் பென்வுட் சுரங்கத்தில் 119 பேரும் இறந்தனர். சோதனைக்காக உள்ளே நுழையும் உரிமை 1941இல்தான் கிடைத்தது. ஃபார்மிங்டன் சுரங்கத்தில் 1968 நவம்பரில் 78 பேர் பலியான பிறகு, 1969ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. ஆய்வறிக்கையை எழுதி அலமாரியில் வைப்பதற்கும் அதைச் சட்டமாக்கிச் சுரங்கத்துக்குள் கொண்டு செல்வதற்கும் இடையே ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன.

சுரங்கப் பணியகத்தின் பணி வெடிவிபத்தோடு முடிந்துவிடவில்லை. சுரங்கத்தில் எந்தெந்த வெடிமருந்தைப் பயன்படுத்தலாம் என்று அது சோதித்துப் பட்டியலிட்டது. நச்சுப்புகையை முன்கூட்டியே உணர்த்தும் கேனரிக் குருவிகளையும் ஆராய்ந்தது. கனிமங்களைப் பிரித்தெடுக்கும் துறையிலும் அதன் சாதனை பெரிது. லக்சம்பர்க்கில் பிறந்த உலோகவியலாளர் வில்லியம் குரோல், 1940களில் ஓரிகன் மாநிலத்தின் ஆல்பனி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, ஸிர்கோனியம் உலோகத்தை வளைக்கவும் தகடாக்கவும் ஏற்ற வகையில் பிரித்தெடுக்க வழிகண்டார். 1954இல் கடலில் இறங்கிய முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸின் அணு உலைக்கு வேண்டிய ஸிர்கோனியம் அங்கிருந்துதான் வந்தது.

இத்தனை செய்த துறையை, செலவைக் குறைக்கும் நோக்கில் 1996ஆம் ஆண்டில் மூடிவிட்டார்கள். பிட்ஸ்பர்க், ஸ்போகேன் நகரங்களில் இருந்த பாதுகாப்பு ஆய்வுப் பிரிவுகள் தப்பிப் பிழைத்து, தொழில் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய ஆய்வுக் கழகத்தோடு இணைக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் இந்த இரு நிலையங்களின் ஊழியர்களுக்கும் பணிநீக்க அறிவிப்புகள் அனுப்பப்பட்டபோது, சுரங்கத் தொழிலாளர் சங்கத்தினர் கொதித்தெழுந்தனர். அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் உண்டு.

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, நல்ல காற்று உள்ளே வரும் பாதைகளில் படியும் தூளில் 65 விழுக்காடு எரியாத பொருளாக இருந்தால் போதும் என்ற நிலை இருந்தது. காற்று வெளியேறும் பாதைகளில் 80 விழுக்காடு இருக்க வேண்டும். இந்தக் கணக்கு 1920களில் கிடைத்த தூளை வைத்துப் போடப்பட்டது. அன்று கடப்பாறையும் வெடிமருந்தும்தான் கரியை உடைத்தன. இன்றோ ராட்சத இயந்திரங்கள் கரியைச் சீவித் தள்ளுகின்றன. ஆய்வுக் கழகத்தினர் பல சுரங்கங்களிலிருந்து தூளைச் சேகரித்துச் சல்லடையில் இட்டுப் பார்த்தபோது, அது முன்னைவிட மிக மென்மையாகிவிட்டது தெரியவந்தது. தூள் எவ்வளவுக்கு மென்மையோ அவ்வளவுக்கு விரைவாகத் தீப்பற்றும். எனவே எல்லாப் பாதைகளிலும் 80 விழுக்காடு தேவை என்று பரிந்துரைத்தனர். கல்தூளின் மேல் வெறும் ஒரு தாள் கனத்துக்குக் கரித்தூள் புதிதாகப் படிந்தாலும் தீ பரவும் என்பதையும் சோதனைகள் காட்டியுள்ளன. ஒருமுறை தூவினால் போதும் என்று யாரும் இருந்துவிட முடியாது.

அந்தப் பரிந்துரை சட்டமாகும் முன்பே, 2010 ஏப்ரல் 5ஆம் நாள், மேற்கு வெர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேரைப் பலி கொண்டது. மழுங்கிய வெட்டும் பற்கள் பாறையில் உரசிப் பொறி எழுந்தது, பொறியை அணைக்க வேண்டிய நீர்த்தெளிப்பான்கள் சரியாக இயங்கவில்லை, சிறு மீத்தேன் தீயைக் கரித்தூள் பெரும் வெடிப்பாக்கியது, போதுமான கல்தூள் தூவப்படவில்லை என்று அரசாங்கப் புலனாய்வு முடிவுகட்டியது. நூறாண்டுக்கு முந்திய மொனோங்காவின் கதை மீண்டும் நிகழ்ந்தது. பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்த குற்றத்துக்காக, நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகிக்கு 2016இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 80 விழுக்காட்டு விதி 2010 செப்டம்பரில் அவசர ஆணையாக வந்து, மறு ஆண்டு நிலையான சட்டமாயிற்று.

இதற்கிடையில், இத்துயரங்களை மட்டும் பார்த்து எதுவும் மாறவில்லை என்று எண்ணுவதும் சரியன்று. 2020ஆம் ஆண்டில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தவர்கள் 5 பேர். தொழிலாளர் எண்ணிக்கையும் 1907இல் இருந்த 680,000இலிருந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த வீழ்ச்சி மிகப் பெரியது.

ஆய்வுக் கழகத்தினர் உருவாக்கிய ஒரு சிறு கருவியையும் இங்கே குறிப்பிட வேண்டும். முன்பெல்லாம் சுரங்கத்தில் கூட்டியெடுத்த தூளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் புதிய தூள் எவ்வளவோ படிந்திருக்கும். கையில் அடங்கும் இந்தக் கருவி, தூளின்மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் அளவைக் கொண்டு கரி எவ்வளவு, கல் எவ்வளவு என்று மதிப்பிடுகிறது. சில நிமிடங்களில் பச்சை அல்லது சிவப்பு என்று பதில் கிடைத்துவிடும். சிவப்பு என்றால் மேற்பார்வையாளர் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, கல்தூள் மூட்டைகளைக் கொண்டுவரச் சொல்லலாம்.