டிராக்டரிலிருந்து தொடங்கும் ஆங்கிலம்

ஆங்கிலச் சொல்வளம் பெருக லத்தீன் வேர்களைப் படியுங்கள் என்பது பழைய அறிவுரை. 1949-இல் வெளிவந்த நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ இந்த வழியில்தான் சொற்களைக் கற்பிக்கிறது. ஆனால் வேர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால், தெரியாத சொற்களோடு தெரியாத வேர்களும் சேர்ந்து சுமையாகும். ஏற்கெனவே நம் வாயில் புழங்கும் சொல்லிலிருந்து தொடங்குவதே சரியான முறை. டிராக்டரில் உள்ள ‘டிராக்ட்’ என்பதற்கு இழுத்தல் என்று பொருள். அது பிடிபட்டால், தன் பக்கம் இழுக்கும் அட்ராக்ட், வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்ட், கவனத்தை வேறு திசைக்கு இழுக்கும் டிஸ்ட்ராக்ட் எல்லாம் ஒரே குடும்பமாகிவிடும். இன்ஸ்பெக்டருக்குள் ‘பார்த்தல்’ இருக்கிறது. கண்டக்டருக்குள் ‘நடத்திச் செல்லுதல்’ இருக்கிறது.

முன்னொட்டு உருமாறுவதுதான் பலரைக் குழப்புகிறது. ‘உள்ளே’ எனப் பொருள்படும் ‘இன்’, போர்ட் முன் வரும்போது இம்போர்ட் ஆகிறது. ‘ப’ ஒலிக்க உதடுகள் மூட வேண்டியிருப்பதால் முந்தைய மெல்லெழுத்தும் உதட்டுக்கு வந்துவிடுகிறது. மரம், ‘கள்’ சேர்ந்ததும் மரங்கள் ஆவதும் இதே இயல்பால்தான். புணர்ச்சி விதி படித்த தமிழ் மாணவருக்கு இது புதிய பாடமே அல்ல.

அன்றாட ஆங்கிலத்துக்கு இந்த வேர்முறை உதவாதே என்று கேட்கலாம். உண்மைதான். வாட்டர், ஹவுஸ், ஈட், கோ போன்றவை ஜெர்மானியச் சொற்கள்; அவற்றைப் பழகித்தான் கற்க வேண்டும். ஆனால் 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் லத்தீனின் மகளான பிரெஞ்சு, ஆட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் வந்தது. பிறகு அறிஞர்கள் லத்தீனிலிருந்தே நேரடியாகக் கடன் வாங்கினார்கள். அதனால் சட்டம், நிர்வாகம், அறிவியல் நூல்களைப் படிக்கும்போதுதான் இந்த முறை கைகொடுக்கும். மாணவர் திணறும் இடமும் அதுவே.

வேர் ஏமாற்றும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. பார்வைக்கு ஒரே வேர் போலத் தோன்றினாலும், பெடஸ்டிரியனில் இருப்பது லத்தீன் ‘பாதம்’. பீடியாட்ரிக்ஸில் இருப்பதோ கிரேக்கக் ‘குழந்தை’. எனவே வேரைக் கொண்டு பொருளை ஊகிக்கலாம். ஆனால் அந்த ஊகம் வாக்கியத்தில் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஏற்க வேண்டும். ‘புரோடிராக்டட் டிரையல்’ என்ற தொடரில் ‘புரோ’ முன்னோக்கி, ‘டிராக்ட்’ இழுத்தல். நீதிமன்றச் செய்தியில் இதைப் படிக்கும் தமிழருக்கு அகராதி தேவைப்படாது: வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது.